சரக்குப் போய்ச் சேரும் இடம்

மதுரைக் கீழமாசி வீதியில் மளிகைச் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதி ஜீவனம் நடத்தியவன் நான். துவரம்பருப்பும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாக வந்திறங்கி, மூட்டை மூட்டையாகவே உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் போய், அங்குள்ள சில்லறைக் கடைகளில் கிலோவாகவும் கால் கிலோவாகவும் நிறுக்கப்பட்டு, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் கொதிக்கும் குழம்பில் முடிந்துபோவதைப் பேரேட்டின் வழியாக நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்ட நான், ஊரார் சங்கிலி வியாபாரம் என்றும் எம்.எல்.எம். என்றும் சொல்லும் அடுக்கு விற்பனையில், 2001-ஆம் வருஷம் ஆனி மாதத்தில், சரக்கு எங்கே போய் முடிகிறது என்ற கேள்வியை ஒரு தடவையேனும் கேட்டுக்கொள்ளாமல் இறங்கி, முழுதாக இருபத்துநான்கு மாதங்களை அதற்குக் கொடுத்தேன். அந்தத் தொழிலில் ஜெயிப்பதற்கு என்ன வேண்டும் என்று இன்றைக்கும் சில இளைஞர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் ஜெயித்தவன் அல்லன். ஆயினும், ஜெயித்தவர்கள் இருவரை மிக அருகில் இருந்து பார்த்தவன்.

அப்போது என் சம்பளம் மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மூத்த மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த சமயம். பால்ய சிநேகிதர் ஒருவர், பல வருஷங்களாக வராதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, காப்பி குடித்து, எழுந்து போகும் சமயத்தில், "சாயங்காலம் ஒரு மீட்டிங் இருக்கு, சும்மா வந்து கேட்டுட்டுப் போ" என்றார். பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியின் மாடி ஹாலில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மில் தொழிலாளிகள், பேங்க் குமாஸ்தாக்கள், தையற்கடை வைத்திருந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்திருந்த பெண்கள் என்று, எல்லாரும் என்னைப்போலவே மாதக் கடைசியில் விரல்விட்டு எண்ணிச் செலவு செய்கிற ஜனங்கள். மேடையில் நின்றவர் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் "நீங்கள்" என்று எழுதினார். அதன் கீழே ஆறு வட்டம். அந்த ஆறு ஒவ்வொன்றின் கீழும் ஆறு. முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று நாலாம் அடுக்கு வரை போய், அதற்குமேல் பலகையில் இடமில்லாதபடியால் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொருவர் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் சத்துமாவிலும் இத்தனை புள்ளி, இத்தனை புள்ளிக்கு இத்தனை சதவீதம் என்று பெருக்கிக் காட்டினார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தொழிலால் கணக்குப்பிள்ளையாகிய எனக்கு அதுவே பெரிய அத்தாட்சியாகத் தோன்றிற்று.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து அந்தப் பெருக்கலை நான் தொடர்ந்து போட்டுப் பார்த்தது, எல்லாம் முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு. ஏழாம் அடுக்கில் 2,79,936 பேர். எட்டாம் அடுக்கில் 16,79,616 பேர். மதுரை மாநகராட்சியின் ஜனத்தொகையோ அப்போது பத்து லட்சத்துக்கும் குறைவு. பத்தாம் அடுக்கில் மட்டும் 6,04,66,176 பேர். மேலே உள்ளவர்களையும் சேர்த்தால் 7,25,59,411. 2001-ஆம் வருஷக் குடிக்கணக்கின்படி, தொட்டிலில் கிடக்கும் சிசு உட்படத் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகை 6,24,05,679. இதைச் சொன்னால், அவ்வளவு தூரம் எந்தச் சங்கிலியும் போவதில்லையே என்று பதில் சொல்வார்கள், அது வாஸ்தவம். ஆனால் அந்தக் கணக்கில் வேறொன்று அடங்கியிருக்கிறது. அதை எந்த அடுக்கில் நிறுத்தினாலும், உள்ளே இருப்பவர்களில் ஆறில் ஐந்து பங்குப் பேர் எப்பொழுதும் கடைசி வரிசையிலேயே, தமக்குக் கீழே ஒருவரும் இல்லாமலே நிற்பார்கள். வரிசை நீள நீள அவர்களுடைய எண்ணிக்கை பெருகுமேயன்றி, அந்த விகிதம் மாறாது. பலகையில் வரைந்த அந்தப் படத்தில் மேல் வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கீழ் வரிசையின் நீளம் கண்ணில் படவில்லை.

சேர்க்கைக்கு 4,200 ரூபாய் கட்டினேன். அந்த நிறுவனத்தின் மதுரை அலுவலகம் 2004-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பெயரைச் சொல்லி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. சேர்ந்த மறுநாளே, என்னைச் சேர்த்தவருக்கும் மேலே இருந்த தலைவர் வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேருடைய பெயரை எழுதச் சொன்னார். "லிஸ்ட் போடுங்க, கூப்பிடுங்க, பிளானைக் காட்டுங்க, விடாம ஃபாலோ பண்ணுங்க, இந்த நாலும்தான் சார் தொழிலே" என்றார். யாரையும் விட்டுவிடக் கூடாது. இவர் சேரமாட்டார் என்று நாமாகவே தீர்மானிக்கக் கூடாது. மறுத்துப் பேசுபவர்கள் 'நெகட்டிவ்' ஆட்கள், அவர்களோடு சம்பாஷணையே கூடாது. மேலே இருப்பவர், அதாவது 'அப்லைன்', சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்யவேண்டும். இவையெல்லாம் அங்கே வேதவாக்கு.

அந்த நூறு பெயரை எழுதிய இரவு இன்னும் என் நினைவில் இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார், சம்பந்தி முறையாகக்கூடியவர்கள், பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவர்கள், கடைக்குச் சரக்கு எடுக்க வரும் வியாபாரிகள், மகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார், பால்காரர் என்று எழுதிக்கொண்டே போகையில், அறுபதாவது பெயருக்குமேல், ஒருவரை நினைத்தவுடன் அவருடைய முகம் வருவதற்கு முன்பே அவரால் 4,200 ரூபாய் புரட்ட முடியுமா என்ற எண்ணம் வரத் தொடங்கிற்று. அது ஓர் இரவோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும்கூட, எதிரே வருகிற மனிதர் பட்டியலில் இருக்கிறாரா என்று மனம் தேடிற்று. சில மாதங்களில் உறவினர்களும் இதை உணர்ந்துகொண்டார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சை மாற்றினார்கள். தெருவில் கண்டால் அவசர வேலையாகப் போவதுபோல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை.

என்னால் சேர்க்க முடிந்தது நான்கே பேரை. அந்த நால்வரில் திருமங்கலத்தில் இருந்த என் சித்தி மகளும் ஒருத்தி. அவள் கணவர் ஒரு லாரி ஷெட்டில் பெயின்ட் அடிப்பவர். அவளோ தீபாவளிச் சீட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். வட்டங்களைப் போட்டு முழுத் திட்டத்தையும் விளக்குவதற்காகப் பென்சிலும் காகிதமுமாகப் போயிருந்தேன். அவள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காகிதத்தைப் பாராமலே, "அண்ணே, நீங்க சொன்னாச் சரியாத்தாண்ணே இருக்கும், எனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்று சொல்லி, அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தாள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கவேண்டும். அந்தப் பணத்தை அவள் கொடுத்தது சத்துமாவுக்காக அன்று, திட்டத்துக்காகவும் அன்று; சிறுவயதில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அண்ணனுக்காக. அந்த நம்பிக்கை ஒன்றுதான் நான் அன்று விற்ற சரக்கு.

ஜெயித்தவர்கள் இருவர் என்றேன் அல்லவா? முதலாமவர் அந்தத் தலைவர். முன்பு ஆயுள் இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர். அவருடைய உழைப்பை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். வாரத்தில் ஆறு இரவு வெளியூர்க் கூட்டம். எத்தனை பேர் வாசலிலேயே நிறுத்தி மறுத்து அனுப்பினாலும் முகத்தில் வாட்டம் தெரியாது. ஒரு தடவை பார்த்தவரின் பெயரையும் அவர் பிள்ளையின் வகுப்பையும் மறக்கமாட்டார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்பார். அவருக்குக் கீழே நானூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஒருநாள் திண்டுக்கல்லில் கூட்டம் முடித்துவிட்டு நடுநிசிக்குமேல் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, களைப்பினாலோ என்னிடம் கொண்ட பிரியத்தினாலோ, மேடையில் ஒருபோதும் சொல்லாத சமாசாரத்தைச் சொன்னார்.

"போன வருஷம் நம்ம குரூப்ல நூத்தி எண்பது பேர் புதுசாச் சேந்தாங்க சார். நூத்தி அம்பது பேர் நின்னுட்டாங்க. நான் ஒரு மாசம் வீட்ல படுத்துட்டா, அடுத்த மாசம் செக் பாதியாயிரும். சேந்தவங்களை மட்டும் எண்ணணும். நின்னவங்களை எண்ணக் கூடாது. எண்ணினா மறுநாள் மேடையேற முடியாது சார்."

அவருடைய வருமானத்தில் ஏறக்குறையப் பாதி, சரக்கிலிருந்து வரவில்லை என்பதையும் அன்றைக்கே சொன்னார். கூட்டத்துக்கு டிக்கெட், உற்சாகமூட்டும் பேச்சுக்களின் கேசட், பெரிய மாநாட்டுக்குப் போகும் பஸ் என்று கீழே உள்ளவர்கள் கொடுக்கிற காசில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ஆகவே அந்த வகையில் ஜெயிப்பதற்கு வேண்டுவன எவை என்று கேட்டால், சோர்வறியாத உடம்பும், அவமானம் ஒட்டாத மனமும், பெயர்களை மறவாத ஞாபகசக்தியும் வேண்டும். இவற்றையெல்லாம் பிரயாசைப்பட்டுப் பழகிக்கொள்ளலாம். இவற்றுக்கு மேலாக, நின்றுபோனவர்களை எண்ணாமல் இருக்கும் சாமர்த்தியம் வேண்டும். கணக்கு எழுதுகிறவனுக்கு அது கைகூடவில்லை. வரவை மட்டும் பதிந்து பற்றை விட்டுவிடுகிற பேரேட்டை நான் ஒருநாளும் எழுதியதில்லை.

இரண்டாமவர் செல்லூரில் இருந்த ஒரு விதவைப் பெண்மணி. மேடையில் அவரை ஒருபோதும் ஏற்றியதில்லை. அவர் மார்பில் எந்தப் பட்டத்தின் வில்லையும் இருந்ததில்லை. அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருஷம் சுங்குடிச் சேலைகளைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தவணைக்கு விற்றவர். இந்தச் சரக்கிலும் பாத்திரம் துலக்கும் திரவம், பற்பசை, துணி சோப்புத்தூள் ஆகிய மூன்றை மட்டுமே எடுத்துக்கொண்டார். மற்றவை விலைக்குத் தகுந்த தரத்தில் இல்லை என்பது அவர் அபிப்பிராயம்; பிற்பாடு நான் யோசித்துப் பார்த்ததில் அது மிகச் சரியான அபிப்பிராயம். நாற்பத்துமூன்று வீடுகள் அவருக்கு வாடிக்கை. எந்த வீட்டில் எத்தனை பேர், பற்பசை எத்தனை நாளில் தீரும், எந்த வீட்டில் சம்பளம் ஒன்றாம் தேதி, எந்த வீட்டில் பத்தாம் தேதி என்பதெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். ஆர்டர் இல்லாமல் ஒரு புட்டிகூட எடுக்கமாட்டார். திரவத்தைத் தண்ணீர் கலவாமல் அப்படியே ஊற்றிச் செலவழிக்கிற வீட்டுக்குப் போய், ஒரு மூடிக்கு எவ்வளவு தண்ணீர் கலக்கவேண்டும் என்று தாமே கலந்து காட்டிவிட்டு வருவார். அதனால் அந்த வீட்டில் தம் விற்பனை குறையுமே என்று அவர் கவலைப்பட்டதில்லை.

மாதம் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு என்று அவருக்கு நிகரமாக நின்றது. ஆள் சேர்த்தால் இன்னும் அதிகம் கிடைக்குமே என்று நான் ஒருநாள் சொன்னபோது அவர் கூறிய பதிலைப்போன்ற வியாபார ஞானத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

"அண்ணே, ஒரு வீட்டுக்காரம்மாவை நான் சேத்துவிட்டேன்னா, அந்தம்மா அப்புறம் எங்கிட்ட சரக்கு வாங்காது, அடக்க விலைக்கு அதுவே எடுத்துக்கும். பக்கத்து வீட்டுக்கும் அதுதான் விக்கும். எனக்கு ஒரு வாடிக்கை போயி, போட்டிக்கு ஒரு ஆள் வந்து நிக்கும். கமிஷன்னு ஒரு எட்டு ரூவா வரும். எதுக்குண்ணே?"

சில்லறை வியாபாரி ஒவ்வொருவரும் தன் வாடிக்கையைத் தன் பக்கத்திலேயே ஒரு கடை திறக்கும்படி தூண்டுகிற தொழில், உலகத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை எங்கள் தெருவிலுள்ள இருபது வீட்டில் பதினைந்து வீட்டார் சேர்ந்துவிட்டால், மிஞ்சிய ஐந்து வீட்டுக்கு எத்தனை பேர் விற்பது?

என் முதலாளி அதிகம் படித்தவர் அல்லர். 2003-ஆம் வருஷத்தில் ஒருநாள், கடையின் பின்கட்டில் என் மேஜைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த சத்துமாவு டப்பாக்களைப் பார்த்துவிட்டு, கோபம் இல்லாமல் கேட்டார்: "கணக்குப்பிள்ளை, இதுல சேராத ஆளு எத்தனை பேர் காசு கொடுத்து இதை வாங்குறான்? நம்ம பருப்பைச் சில்லறைக்காரன் வாங்கிட்டுப் போயி அவன் வீட்டுலயே அடுக்கி வச்சுக்கிட்டான்னா, நம்ம கடை எத்தனை நாளைக்கு ஓடும்?"

இந்தத் தொழில்முறை பிறந்த அமெரிக்காவின் சரித்திரத்தைப் பின்னாளில் நூல்நிலையத்தில் தேடிப் படித்தபோது, என் முதலாளியின் கேள்வியையே அந்நாட்டு வர்த்தகக் கமிஷனும் கேட்டிருந்ததைக் கண்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கலிபோர்னியாவில் நியூட்ரிலைட் என்ற வைட்டமின் மாத்திரைகளை விற்பதற்கு 1945-இல் வகுத்த ஏற்பாட்டிலேதான் இந்த அடுக்குக் கமிஷன் வேரூன்றிற்று. அந்த மாத்திரைகளை விற்றுக்கொண்டிருந்த ரிச் டிவோஸ், ஜே வான் ஆண்டல் என்ற இரண்டு சிநேகிதர்கள் 1959-இல் மிச்சிகன் மாகாணத்தில் ஆம்வே நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். 1975-இல், காஸ்காட் என்ற அழகுசாதன நிறுவனத்தின் வழக்கில், சரக்கை உண்மையில் உபயோகிப்பவர்களுக்கு விற்பதோடு சம்பந்தமில்லாமல் ஆள் சேர்ப்பதற்காகவே பலன் கிடைக்குமானால் அது வஞ்சனைக் கோபுரம் என்று கமிஷன் தீர்ப்புக் கூறிற்று. 1979-இல் ஆம்வேயை அவ்விதமான கோபுரம் அன்று என்று விடுவித்தபோதும், அதற்கு ஆதாரமாகக் கமிஷன் எடுத்துக்கொண்டவை அந்நிறுவனம் வைத்திருந்த சில விதிகளே: வாங்கிய சரக்கில் நூற்றுக்கு எழுபது பங்கு அந்தந்த மாதமே விற்றிருக்கவேண்டும்; மாதந்தோறும் பத்து வாடிக்கையாளர்களுக்கேனும் சில்லறையாக விற்றிருக்கவேண்டும்; விலகுகிறவரிடம் மிஞ்சிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும். வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லி ஆள் சேர்ப்பதை நிறுத்தவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் உத்தரவிட்டது. நான் சேர்ந்திருந்த ஸ்தாபனத்தில் இவ்விதிகளில் ஒன்றாவது அமலில் இருந்ததாக எனக்கு அநுபவம் இல்லை. பத்து வாடிக்கை என்ற விதியை அங்கே வைத்திருந்தால், எனக்குத் தெரிந்தவரையில் செல்லூர்ப் பெண்மணி ஒருவரே தேறியிருப்பார்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்யும் சட்டம் 1978-ஆம் வருஷத்திலேயே வந்துவிட்டது. அதன்படி அப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் அங்கத்தினராகச் சேர்வதே குற்றம். கூட்டத்தில் யாராவது இதைப்பற்றி வாயெடுத்தால், கம்பெனி பதிவுச் சான்றிதழின் நகலை எடுத்துக் காட்டுவார்கள். பதிவு செய்த கம்பெனி என்ற ஒன்றே போதுமான சமாதானமாக எங்களுக்கெல்லாம் இருந்தது. நேரடி விற்பனைக்கென்று தனி விதிகள் மத்திய அரசால் 2021 டிசம்பரில்தான் வெளியாயின. அவை கோபுரத் திட்டங்களைத் தெளிவாகத் தடுப்பதோடு, விற்கப் போகிறவர் அடையாள அட்டையும் முன் அநுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுப் படியேறக் கூடாது என்றும் சொல்கின்றன. என் போன்றவர்களின் காலத்துக்கு அவை பிந்திவிட்டன.

முதலாளி கேட்ட அன்று இரவு, ஒரு புதிய நோட்டில், கடைக் கணக்கை எழுதும் அதே முறையில், இருபத்துநான்கு மாதத்தையும் எழுதிப் பார்த்தேன். சேர்க்கைக் கட்டணம் 4,200. புள்ளி குறைந்துவிடாமல் இருப்பதற்காக மாதந்தோறும் 1,500 ரூபாய்க்குக் கட்டாயமாக எடுத்த சரக்கு 36,000. கூட்டம், கேசட், பஸ், டெலிபோன் ஆகியவற்றுக்கு 13,650. ஆகப் பற்று 53,850. வெளியாருக்கு விற்று வந்தது 10,900. கமிஷன் காசோலைகள் எல்லாம் சேர்ந்து 7,860. வீட்டில் உபயோகித்த சரக்குக்கு, அதேபோன்ற சாமான் கடையில் என்ன விலையோ அந்த மதிப்பில் 6,000 என்று வரவு வைத்துக்கொண்டேன். அப்படியும் 29,090 ரூபாய் துண்டு விழுந்தது. ஏறக்குறைய ஆறரை மாதச் சம்பளம். வீட்டில் இருந்த மிச்ச டப்பாக்களில் பாதி காலாவதியாகிவிட்டது.

மறுநாள் தலைவரிடம் போய் விலகிக்கொள்வதாகச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், திட்டவில்லை. அடுத்த வருஷம் அலுவலகம் மூடப்பட்டபோது அவருடைய நானூறு பேரும் ஒரே மாதத்தில் கலைந்துபோனார்கள். அவரும் வேறொரு கம்பெனியின் பட்டியலோடு முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதாயிற்று. செல்லூர்ப் பெண்மணிக்கு அந்த மூடலால் ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. வேறொரு கம்பெனியின் சோப்புத்தூளை எடுத்துக்கொண்டு அதே நாற்பத்துமூன்று வீடுகளுக்கு அவர் போய்வந்தார். கம்பெனி மாறியது அந்த வீட்டாருக்குப் பெரிதாகப்படவில்லை. அவர்கள் வாங்கியது அவரிடம்.

எந்த வழியில் ஜெயிக்கலாம் என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்கு நான் இந்த இருவரையும் பற்றிச் சொல்லிவிட்டு, உங்களைச் சேர்க்க வந்திருப்பவரிடம், சென்ற மாதம் இதில் சேராத எத்தனை பேர் உங்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடியும் கேட்டு வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள் என்கிறேன். பதில் நோட்டில் எழுதியிருந்தால் உட்கார்ந்து பேசலாம்.

நான் சேர்த்த நால்வருக்கும், அவர்கள் கேளாமலே, சேர்க்கைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்தம் 16,800 ரூபாய். மூவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். திருமங்கலத்துத் தங்கை மட்டும், "வியாபாரத்துல லாப நட்டம் இருக்கத்தாண்ணே செய்யும்" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணமாக, மாதம் முந்நூறு ரூபாய் வீதம், பதினான்கு மாதம் நானே நேரில் போய்க் கட்டினேன். கடைசித் தவணையை 2006-ஆம் வருஷம் தை மாதத்தில் கட்டினேன். அந்த ரசீதை அவள்தான் வைத்திருக்கிறாள்.